குடுவைக்குள் சிராப் தண்ணி

அக்டோபர் 14, செவ்வாய்

நேற்றைய குறிப்பில் ஒரு தவறு இருக்கிறது. "ஜெகா பள்ளியில் பிப்பெட்டை உடைத்துவிட்டாள்" என்று எழுதியிருக்கிறேன். அது பிப்பெட் இல்லை, பியூரெட். உடையவும் இல்லை. குணவதி ஆன்ட்டி சமையலறையில் கத்தியதை என் அறைக்குள் இருந்தபடி கேட்டு எழுதிவிட்டேன். காதால் கேட்டதைக் கண்ணால் பார்த்ததுபோல எழுதக்கூடாது என்று மாலை வகுப்பில் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். எனக்குத்தான் ஏறமாட்டேன் என்கிறது. அந்த வரியை அடித்துவிட்டேன். இன்று வீட்டில் மூவரிடமும் கேட்ட பிறகு மீண்டும் எழுதுகிறேன். இதிலும் வரிசை பிசகியிருக்கலாம்.

நான் இந்த வீட்டில் பின்னறையை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். ஆயர் ஈத்தாம் சந்தைக்கு மேலே உள்ள அடுக்குமாடி. பகலில் சந்தைக்குப் பக்கத்து மருந்துக் கடையில் கவுண்டர் வேலை. மாலையில் கெலுகோருக்குப் பேருந்து பிடித்து ஆய்வக உதவியாளர் வகுப்புக்குப் போகிறேன். வீட்டுக்காரர் முனுசாமி அங்கிள் மாக் மண்டினில் இரும்புப் பட்டறையில் வெல்டிங் செய்கிறார். தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிப் போய்வருகிறார். குணவதி ஆன்ட்டி ஒரு இடைநிலைப்பள்ளி கேண்டீனில் தண்ணீர்க் கடை வைத்திருக்கிறார். மைலோ, எலுமிச்சைத் தண்ணி, ரோஸ் சிராப் கலந்த சிவப்புத் தண்ணி. அதே பள்ளியில்தான் மகள் ஜெகதீஸ்வரி நாலாம் பாரம் படிக்கிறாள். நாங்கள் ஜெகா என்று கூப்பிடுகிறோம்.

இன்று வகுப்பு இல்லை. மாலை நான் வீட்டுக்கு வந்தபோது கொடிமலையிலிருந்து மழை இறங்கிக்கொண்டிருந்தது. எதிர் அடுக்குமாடி தெரியவில்லை. வரும் திங்கள் தீபாவளி. ஆன்ட்டி சமையலறைத் தரையில் பேப்பர் விரித்து முறுக்கு பிழிந்துகொண்டிருந்தார். அலுவலகக்காரர்கள் சொல்லிவைத்த முறுக்கு. நான் கைகழுவிவிட்டு எண்ணெய்ச் சட்டிப் பக்கம் உட்கார்ந்தேன். திருப்பிப் போடுவது என் வேலை.

முனுசாமி அங்கிள் மழைக்கோட்டோடு உள்ளே வந்தார். கோட்டைக் கழற்றவில்லை. தரையெல்லாம் தண்ணீர்.

"அந்தப் புள்ள எங்க?"

"உள்ளதான். மத்தியானத்துலேர்ந்து சாப்புடல."

"எதுக்கு சாப்புடணும்? அதான் கிளாஸ்ல நல்லா சிரிச்சிருக்கால்ல. வயிறு நெறஞ்சிருக்கும்."

"கோட்ட கழட்டுங்க முதல்ல. முறுக்கு மாவுல தண்ணி தெறிக்குது."

"குணவதி, எனக்கு வேல நேரத்துல போன் வருது. போர்மேன் பக்கத்துல நிக்கிறான். நவமணி டீச்சர் பேசறாங்க. 'உங்க மக லேப்ல ஆட்டம் போடறா, கெமிஸ்ட்ரி அவளுக்கு ஒத்துவராது, அடுத்த வருஷம் அக்கவுண்ட் எடுக்கட்டும், நாளைக்கு வந்து துணைத் தலைமையாசிரியர்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க'ன்னு. நான் என்ன சொல்றது? சரி டீச்சர், சரி டீச்சர்னேன்."

"சரின்னுட்டீங்களா?"

"வரேன்னேன் லா. சரின்னா வரேன்னு அர்த்தம்."

விஷயம் இதுதான். ஜெகாவுக்கு இந்த வீட்டில் வேறு எதுவும் வேண்டாம். வேதியியல் மட்டும் வேண்டும். பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் பாரம் முடித்து, பல்கலைக்கழகத்துக்கு முந்திய மெட்ரிகுலேஷனில் அறிவியல் எடுக்கவேண்டும். அக்கவுண்டுக்கு மாற்றினால் அது அதோடு முடிந்தது.

ஜெகா அறையிலிருந்து வந்து கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள். கண் வீங்கியிருந்தது.

"நான் ஆட்டம் போடல."

"அப்ப என்ன பண்ண? சொல்லு. காமினியும் இருக்கு. அதுக்குத் தெரியும் இந்தக் கண்ணாடி சாமானெல்லாம்." அங்கிள் என்னைக் காட்டினார்.

ஜெகா என்னைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தாள். திங்களன்று செய்முறைத் தேர்வு. முதல்முறையாக ஆய்வகத்தைத் திறந்தார்கள். ஒவ்வொருவராகப் போய் டைட்ரேஷன் செய்யவேண்டும். பியூரெட் என்பது கீழே குழாய்போலத் திருகு வைத்த நீளக் கண்ணாடிக் குழல். அதில் காரக் கரைசல் இருந்தது. அடியில் கூம்புக் குடுவை. அதில் அமிலம், இரண்டு சொட்டு நிறங்காட்டி. காரத்தைச் சொட்டுச்சொட்டாக விட்டால் ஒரு கட்டத்தில் குடுவை இளஞ்சிவப்பாகும். அங்கே நிறுத்தி அளவைப் படிக்கவேண்டும்.

"நான் திருகத் திருப்பினேன் அக்கா. நம்ம வீட்டு பைப்ப திருப்பற மாதிரி. ரெண்டு மூணு சுத்து."

எனக்குச் சட்டென்று புரிந்தது. இந்த வீட்டுக் குழாய் பழையது. மூன்று சுற்று திருகினால்தான் தண்ணீர் வரும். பியூரெட் திருகு கால் வட்டத்திலேயே முழுசாகத் திறந்துவிடும். இன்னும் திருப்பினால் மூடும், திரும்பத் திறக்கும். ஒரு தடவையாவது தொட்டிருந்தால் கை அதைக் கற்றுக்கொண்டிருக்கும்.

"எல்லாம் கொட்டிருச்சி. குடுவ கருஞ்சிவப்பா ஆயிருச்சி. திருகு கழண்டு வந்துச்சி, கீழ விழாம கையால புடிச்சேன். பாவாடையெல்லாம் நனைஞ்சி..."

"அது சரி. கை தவறிருச்சி. அதுக்கு எதுக்கு சிரிச்ச?" அங்கிள் விடவில்லை. "டீச்சர் சொல்றாங்க, அவங்க முன்னாடி நின்னு சிரிச்சியாம். நான் உன்ன அப்படியா வளர்த்தேன்?"

ஜெகா தாயைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"அம்மா சிராப் தண்ணி மாதிரியே இருந்துச்சி. அதான்."

ஆன்ட்டி முறுக்கு அச்சை நிறுத்தினார். "என்ன சிராப்?"

"படம் எடுத்தாங்கல்ல மா. அன்னிக்கு."

அந்தப் படம் எனக்கும் தெரியும். ஆகஸ்டில் கல்வித்துறை அதிகாரிகள் பள்ளியைப் பார்க்க வந்தபோது எடுத்தது. வெள்ளைக் கோட்டும் பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு ஜெகா ஒரு குடுவையைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள். குடுவையில் நல்ல சிவப்பு. பள்ளியின் இணையப் பக்கத்தில் போட்டார்கள். ஆன்ட்டியின் கைப்பேசியைத் திறந்தால் முதலில் வருவதும் அதுதான். அப்போதே அந்த நிறம் எனக்கு உறுத்தியது. உண்மையான முடிவுப்புள்ளி அவ்வளவு மெல்லிய நிறம், அடியில் வெள்ளைத் தாள் வைத்தால்தான் கண்ணுக்குத் தெரியும். ஆனால் படித்துக்கொண்டிருப்பவள் நான், பள்ளிக்கூடம் அவர்கள். கேமரா நிறத்தைக் கூட்டிக் காட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"அன்னிக்கு எங்களுக்கு எந்த மருந்தும் தரல. 'சும்மா தண்ணி ஊத்தினா படத்துல தெரியாது'ன்னு துணைத் தலைமையாசிரியர் சொன்னாரு. கேண்டீன்லேர்ந்து சிராப் கொண்டாந்து குடுவைல ஊத்தினாங்க. எங்களக் குலுக்கச் சொன்னாங்க. 'சிரி, சிரி'ன்னாங்க. சிரிச்சோம். படம் எடுத்ததும் எல்லாத்தையும் கழுவி மறுபடி பெட்டில வச்சிட்டாங்க. கண்ணாடில ஸ்டிக்கர்கூட உரிக்க விடல."

"அது..." ஆன்ட்டி அச்சைக் கீழே வைத்தார். "டீச்சர்ங்களுக்கு மீட்டிங்னுதான வாங்கிட்டுப் போனாங்க? நான் ஐஸ்கூடப் போட்டேனே."

"ஐஸ எடுத்துப் போட்டுட்டாங்க மா."

எனக்குச் சிரிப்பு வந்தது. நல்லவேளை அடக்கிக்கொண்டேன். சட்டியில் முறுக்கு கருகியது. யாரும் எடுக்கவில்லை, நானும்.

ஆன்ட்டி மாவுக் கையோடு கைப்பேசியை எடுத்துப் படத்தைப் பெரிதாக்கினார். திரையெல்லாம் மாவு.

"இத நான் யார்கிட்டலாம் காட்டியிருக்கேன் தெரியுமா? மீன் கடைச் சீனம்மா ஆ சோகிட்ட காட்டினேன். பஸ் டிரைவர்கிட்ட காட்டினேன். கோயில் ஐயருக்கு அர்ச்சனத் தட்டு குடுக்கறப்பகூட காட்டினேன். அந்த மனுஷன் பாவம், சாமி படம்னு நெனச்சிக் கும்புட்டாரு. என் மக அசிட்ட கைல புடிச்சிட்டு நிக்கறான்னு ஊரெல்லாம் சொன்னேன். நான் கலக்குன சிராப்ப புடிச்சிட்டு நின்னுருக்கா!"

"அப்ப இத்தன மாசம் ரிப்போர்ட் எழுதினியே? ராத்திரி ராத்திரி?" அங்கிள் கேட்டார்.

"டீச்சர் நம்பர் சொல்வாங்க பா. நாங்க எழுதிக்குவோம். 'இருபத்திநாலு புள்ளி அஞ்சு, எழுதிக்கோங்க. நிறம் மாறியது, எழுதிக்கோங்க.' புஸ்தகத்துல இருக்கற நம்பர்தான். எல்லாருக்கும் ஒரே நம்பர்."

அங்கிள் இப்போதுதான் மழைக்கோட்டைக் கழற்றினார். கழற்றி, மாட்டாமல், அப்படியே தரையில் எறிந்தார்.

"பட்டறைல சேர்ந்த அன்னிக்கு என் கைல வெல்டிங் ராட் குடுத்தானுங்க. கை சுட்டுச்சி, கத்துக்கிட்டேன். ராட் வாங்கி பூட்டி வச்சிட்டு, எங்களப் படம் புடிச்சிருந்தா இன்னிக்கு நான் எங்க இருப்பேன்? ரெண்டு வருஷம் கழிச்சி வந்து 'நீ லாயக்கில்ல, போய் கணக்கெழுது'ன்னா?"

"நாளைக்கு நான் கேக்கறேன்," என்றார் ஆன்ட்டி.

"நீ சும்மா இரு. உன் கட அங்கதான் இருக்கு. வருஷக் கடைசில புது டெண்டர். யாருக்குக் குடுக்கறதுன்னு அந்தத் துணைத் தலைமையாசிரியர்தான் சொல்லுவாரு."

"தெரியும்."

"தெரிஞ்சா வாய வச்சிட்டு இரு. நான் பேசறேன். காமினி, நீயும் வா. படிச்ச புள்ள ஒண்ணு கூட இருந்தா மரியாதையா பேசுவாங்க. நீ என்ன சொல்ற?"

"நான் அந்த லேப்பைப் பார்த்ததில்ல அங்கிள். அதனால..."

"பாரு, இது ஒண்ணு. எதக் கேட்டாலும் பாக்கல பாக்கலன்னுகிட்டு. அதுக்குத்தான் கூப்புடறேன். வந்து பாரு!"

கருகிய முறுக்கை நான் தனியாக எடுத்துவைத்தேன். ஆன்ட்டி அதில் ஒன்றை உடைத்து வாயில் போட்டு, மென்றுகொண்டே மறுபடி பிழிய ஆரம்பித்தார். அச்சை அழுத்திய அழுத்தில் மாவு பக்கவாட்டில் பிதுங்கியது.

அக்டோபர் 15, புதன்

மருந்துக் கடையில் மதியத்துக்கு மேல் வருவதாகச் சொல்லிவிட்டு, பள்ளி இடைவேளை நேரத்துக்கு அங்கிளோடு போனேன். இன்று நானே பார்த்தது, ஆகையால் கொஞ்சம் தைரியமாக எழுதுகிறேன்.

ஆய்வகம் கீழ்த்தளத்தில் இருக்கிறது. திங்களன்று தேர்வு முடிந்ததும் கதவை மறுபடி பூட்டியிருந்தார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தேர்வு நடந்த ஒரு பெஞ்சைத் தவிர மற்ற பெஞ்சுகள் மீது விளையாட்டு விழாக் கூடாரத் துணிகள் குவிந்திருந்தன. சுவரோரம் அட்டைப்பெட்டிகள். மேல் பெட்டி ஒன்று பாதி திறந்திருந்தது. அதற்குள் பியூரெட்டுகள், ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் உறைக்குள், வந்த நாள்போலவே. எங்கள் மாலை வகுப்பில் மூன்று பேருக்கு ஒரு பியூரெட். நுனி உடைந்ததைக்கூடத் தூக்கிப்போட மாட்டோம். என்னால் அங்கே நிற்கமுடியவில்லை. இவ்வளவு கோபம் எனக்கு வரும் என்று நான் நினைத்ததில்லை. கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு மூச்சை விட்டேன். கண்ணாடி மங்கியது.

துணைத் தலைமையாசிரியர் ஜன்னலருகே என்னைப் பார்த்துவிட்டு எங்களைத் தன் அறைக்கு வரச்சொன்னார். நவமணி டீச்சர் ஏற்கெனவே அங்கே இருந்தார். ஜெகா கதவருகே நின்றாள். துணைத் தலைமையாசிரியர் மலாயில் பேசினார், மிக மரியாதையாக. எங்களை உட்காரச் சொன்னார். மிட்டாய் டப்பாவை நகர்த்தினார். பெண்ணுக்கு எது நல்லதோ அதைத்தான் பள்ளி யோசிக்கிறது என்றார். அக்கவுண்டில் வேலைவாய்ப்பு அதிகம் என்றார்.

அங்கிள் மலாயில் ஒன்றுதான் கேட்டார். "அந்தச் சாமானெல்லாம் ஏன் பெட்டியில இருக்கு?"

துணைத் தலைமையாசிரியருக்கு அது கேள்வியாகவே படவில்லை. ஒன்று உடைந்தாலும் விளக்கம் எழுதவேண்டும், யார் பொறுப்பு என்று விசாரணை வரும், அடுத்த முறை அதிகாரிகள் வரும்போது எல்லாம் முழுசாக இருக்கவேண்டும் என்றார். ஐந்தாம் பாரத்தில் தேர்வுக்கு முன்னால் பயிற்சிக்குத் திறப்போம், அதுவும் தேறக்கூடிய மாணவர்களுக்கு என்றார்.

"தேறுவாங்களா மாட்டாங்களான்னு எத வச்சிப் பாக்கறீங்க?" அங்கிளின் மலாய் உடைந்தது. தமிழில் டீச்சரிடம் திரும்பினார். "டீச்சர், நீங்க சொல்லுங்க. நீச்சல் குளத்தப் பூட்டி வச்சிட்டு, இவ நீந்தலன்னா என்ன அர்த்தம்?"

"சார், அன்னிக்கு அவ என் முன்னாடி சிரிச்சா," என்றார் டீச்சர். "அதான் எனக்குத் தாங்கல."

"உங்களப் பாத்து சிரிக்கல டீச்சர்," என்றாள் ஜெகா.

அப்போதுதான் குணவதி ஆன்ட்டி வந்தார். கடையிலிருந்து நேராக, ஏப்ரன் கட்டியபடி. கையில் ஒரு கிளாஸ் சிராப் தண்ணி. ஐஸ் போடாதது. மேசைமேல், டீச்சருக்கு எதிரில் வைத்தார்.

"டீச்சர், எனக்குப் படிப்பு கம்மி. நீங்களே சொல்லுங்க. இது அசிட்டா, அல்கலியா?"

துணைத் தலைமையாசிரியருக்குத் தமிழ் தெரியாது. குடிக்கக் கொண்டுவந்ததாக நினைத்து நன்றி சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் அந்தக் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் சிவந்து, பிறகு வெளுத்தது.

"அக்கா," என்றார் கடைசியில், தாழ்ந்த குரலில், "நான் மூணு வருஷமா சாவி கேக்கறேன். நான் கேக்கலன்னு நெனச்சீங்களா? உடைஞ்சா நீங்க எழுதிக் குடுக்கணும்னாங்க. பயந்துட்டேன். நம்பர சொல்லி எழுத வச்சேன். வேற என்ன பண்ணச் சொல்றீங்க?"

"நீங்க பயப்படறது தப்பில்ல டீச்சர். எனக்கும்தான் பயம். ஆனா உங்க பயத்துக்கு என் புள்ள ஏன் அக்கவுண்ட் படிக்கணும்?"

டீச்சர் கிளாஸை மெல்ல மேசை ஓரத்துக்கு நகர்த்தினார்.

என்ன பேசுகிறார்கள் என்று துணைத் தலைமையாசிரியர் என்னிடம் கேட்டார். நான் மலாயில் சொன்னேன். சிராப்பையும் சொன்னேன். எதையும் விடவில்லை. அவர் சிரித்தபடி, படம் என்றால் எல்லாப் பள்ளியிலும் கொஞ்சம் அலங்காரம் உண்டு என்றார். பிறகு ஆன்ட்டியிடம் திரும்பி, புது டெண்டர் வருகிறதே, இத்தனை வருடம் நல்ல உறவாக இருந்திருக்கிறோம், அப்படியே இருப்போம் என்றார். அதே மரியாதையான குரல்தான்.

ஆன்ட்டியின் கை ஏப்ரனைப் பிடித்துக்கொண்டது. நான் பார்த்தேன்.

"இப்ப மாத்தறதா இல்லியா, அத சொல்லணும்," என்று டீச்சர் அங்கிளிடம் மெல்லச் சொன்னார். அவர் கண்கள் வேறு எதையோ கெஞ்சிக்கொண்டிருந்ததுபோல எனக்குத் தோன்றியது. அது என் கற்பனையாகவும் இருக்கலாம்.

"மாத்தல," என்றார் அங்கிள். எழுந்துவிட்டார்.

அப்படியென்றால் ஆய்வகம் எப்போது திறக்கும் என்று நான் கேட்டேன். தீபாவளி முடியட்டும், பார்க்கலாம் என்றார் துணைத் தலைமையாசிரியர். தாழ்வாரத்தில் அங்கிள் சொன்னார்: "எந்த வருஷத்துத் தீபாவளின்னு கேட்டிருக்கணும் லா."

மாலை வகுப்புக்குப் போகும் முன் வீட்டில் எல்லாரும் இருந்தோம். ரசம் சாதம், கருவாடு. யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கு ஒரு யோசனை தோன்றியது. எங்கள் வகுப்பில் ராமசாமி சாரைக் கேட்டால் ஜெகாவை உட்காரவைத்துக்கொள்வார், சனிக்கிழமைகளில் நானே சொல்லித்தருகிறேன் என்றேன்.

அங்கிள் முகம் மலர்ந்தது. "அது நல்ல ஐடியா! பாரு ஜெகா. இவனுங்க பூட்டி வச்சிட்டு சாமி கும்புடட்டும். நீ அங்க போய் கத்துக்க."

"நான் போகல பா."

"ஏன்?"

"என் கிளாஸ்ல ஷாஹிரா இருக்கா. கோகிலன் இருக்கான். அவங்களையும் மாத்தச் சொல்லியிருக்காங்க. கோகிலன் திருக புடிக்கவே பயந்துட்டு நின்னான். நான் மட்டும் கெலுகோர் போய் கத்துக்கிட்டு வந்தா, 'பாத்தீங்களா, பெட்டியத் தொறக்காமயே ஒருத்தி பாஸாயிட்டா'ன்னு என்னையும் படம் புடிப்பாங்க."

எனக்கு வெட்கமாகிவிட்டது. நல்லது செய்கிறோம் என்றுதான் சொன்னேன். அவள் சொன்னது சரி.

"அப்ப என்னதான் பண்றது?" அங்கிள் தட்டைத் தள்ளினார். "நம்ம மூணு பேரு கத்தினா அவருக்கு என்ன? முட்டாய் டப்பாவ நகர்த்துவாரு."

ஆன்ட்டி சாப்பிட்டு முடித்து, கைகழுவி, நன்றாகத் துடைத்துக்கொண்டு கைப்பேசியை எடுத்தார்.

"ஜெகா, உங்க கிளாஸ் அப்பா அம்மாங்க வாட்ஸப் குரூப்ல அந்தப் படத்தப் போடு."

"அம்மா..."

"போடு. மலாயில எழுது. நான் சொல்றத எழுது. இந்தக் குடுவையில இருக்கற செவப்பு கெமிக்கல் இல்ல. அது என் கடை சிராப். கலக்கினது நான். பேரு போடு. குணவதி, கேண்டீன் தண்ணிக்கடை. நம்ம புள்ளைங்க அந்தப் பரீட்ச வரைக்கும் ஒரு எக்ஸ்பெரிமெண்ட்கூட செய்யல. நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு நான் லேப் வாசல்ல நிக்கறேன். பெட்டியத் தொறக்கற வரைக்கும் நிப்பேன். வர்றவங்க வாங்க."

"குணவதி," என்றார் அங்கிள். "கட போயிரும்."

"போவும்."

"பதினோரு வருஷக் கட."

"தெரியும். நான்தான கழுவறேன் அந்த ஜக்கெல்லாம்." ஆன்ட்டி மகளைப் பார்த்தார். "எழுதிட்டியா? குடு, நானே அமுக்கறேன். நாளைக்கு யாராவது கேட்டா சின்னப் புள்ள பண்ணிருச்சின்னு சொல்லக்கூடாது."

அமுக்கினார். நால்வரும் திரையைப் பார்த்தோம். ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டதாகத் திரை காட்டியது. பதில் இல்லை. அங்கிள் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். திறந்தார். மறுபடி சாத்தினார். கீழே சந்தைப் பக்கம் யாரோ பட்டாசு ஒன்றைக் கொளுத்தினார்கள்.

முதலில் ஷாஹிராவின் அம்மாவிடமிருந்து வந்தது. என் மகள் அன்று கையெல்லாம் பிசுபிசு என்று வந்து நின்றாள், எதைத் தொட்டாய் என்று நான்தான் அவளைத் திட்டினேன் என்று எழுதியிருந்தார். பிறகு கோகிலனின் அப்பா: எந்த வாசல், முன்வாசலா பின்வாசலா? பிறகு ஒரு சீனத் தாய், தன் வேலை எட்டு மணிக்குத்தான், அதுவரை நிற்பேன் என்று. ஒருவர் மட்டும், இதெல்லாம் தேவையா, பிள்ளைகளின் மதிப்பெண் பாதிக்கும் என்று எழுதினார். அவருக்கு ஜெகா பதில் எழுதப்போனாள். ஆன்ட்டி கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடு. பயப்படறவங்க பயப்படட்டும். நாமளும் பயந்தவங்கதான்."

கடைசியில் நவமணி டீச்சரின் பெயர். அவரும் அந்தக் குழுவில் இருக்கிறார் என்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது. ஒன்றும் எழுதவில்லை. பார்த்துவிட்டார், அவ்வளவுதான். நாளை அவர் வருவாரா, வந்தால் எந்தப் பக்கம் நிற்பார் என்று எனக்குத் தெரியாது. தெரியாததை எழுதவில்லை.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது, பேருந்தைத் தவறவிட்டேன். இன்று போகவில்லை.

நாளை: காலை ஏழு மணிக்கு ஆய்வக வாசல். மருந்துக் கடையில் அரைநாள் விடுப்பு கேட்கவேண்டும். காரணம் கேட்டால் உள்ளதைச் சொல்லவேண்டும்.